குளோசபின் சாப்பிடுகிறவர் வீட்டாருக்கு

வேறு மருந்துகளுக்கு அடங்காத மனச்சிதைவுக்கு, நம் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உட்பட எங்கும் டாக்டர்கள் நம்பும் மாத்திரை குளோசபின். 1975-இல் பின்லாந்தில் இதைச் சாப்பிட்ட சிலர் ரத்த வெள்ளையணு குறைந்து இறந்தார்கள். அதனால்தான் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை. காய்ச்சல், தொண்டை வலி வந்தால் பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடாதீர்கள். அன்றே டாக்டரிடம் போங்கள். இந்த மாத்திரையால் தலையணை நனைய எச்சில் வடியும், எடை ஏறும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். மலச்சிக்கலைத்தான் யாரும் சொல்வதில்லை. அது குடலை அடைத்து உயிரையே வாங்கும்! இன்னொரு விசித்திரம்: பீடியைத் திடீரென நிறுத்தினால் ரத்தத்தில் மருந்தின் அளவு கூடிவிடும். பீடியைத் தாராளமாக நிறுத்துங்கள், டாக்டரிடம் சொல்லிவிட்டு. இரண்டு நாளுக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால், பழைய அளவில் நீங்களாகத் தொடங்காதீர்கள்.