மழை விட்டும் தூவானம் விடல: பனிப்புயலுக்குப் பிறகு வரும் ஆபத்து

குடியாத்தம் வெயில்ல உட்கார்ந்துக்கிட்டு பனிச்சரிவைப் பத்தி எதுக்குப் பேசணும்னு கேட்பீங்க. காரணம் இருக்கு.

2016 பிப்ரவரி 3. சியாச்சின்ல சுமார் 19,600 அடி உயரத்துல இருந்த சோனம் முகாம் பனிக்குள்ள புதைஞ்சுது. சிக்கின 10 ராணுவ வீரர்கள்ல ஒருத்தர் நம்ம வேலூர் மாவட்டம் துக்கம்பாறையைச் சேர்ந்த ஹவில்தார் ஏழுமலை. ஆறாவது நாள் உயிரோட மீட்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்னைக்கு இறந்துட்டார். யாருமே பிழைக்கல.

அங்க விழுந்தது ஒரு பெரிய பனிக்கட்டிச் சுவர். காட்பாடியில ரயில் ஏறி ஸ்னோ ட்ரெக் போற நம்ம பசங்களுக்கு இருக்கிற ஆபத்து வேற வகை.

மலைச்சரிவுல பனி அடுக்கடுக்காத்தான் படியுது. சில அடுக்கு சர்க்கரை மாதிரி உதிரியா, ஒட்டாம இருக்கும். ஒரு தாம்பாளத்துல சர்க்கரையைத் தூவி, அதுமேல கனமான புத்தகத்தை வச்சு, மெதுவா சாய்ச்சுப் பாருங்க. புத்தகம் மொத்தமா வழுக்கும். புயல் கொண்டுவர்ற புதுப்பனிதான் அந்தப் புத்தகம். காத்து வேற ஒரு பக்கத்துப் பனியை அள்ளி மறுபக்கம் குவிச்சு, பாரத்தை ஏத்திடும். 30 டிகிரியிலிருந்து 45 டிகிரி வரைக்கும் சாய்வு இருந்தா, ஒரு ஆள் கால் வச்சாக்கூட முழுச் சரிவும் பெயரலாம்.

புயல் ஓய்ஞ்சு வானம் நீலமா ஆனதும் "கிளம்பலாம்டா, போட்டோ சூப்பரா வரும்"னு தோணும். ஆனா மழை விட்டும் தூவானம் விடாதுல்ல? புயலுக்குப் பிறகு முதல் ஒண்ணு ரெண்டு நாள் ரொம்ப ஆபத்தானது. அடியில இருக்கிற உதிரி அடுக்கு வாரக்கணக்குலகூட அப்படியே காத்திருக்கலாம்.

பனியே எச்சரிக்கையும் கொடுக்கும். பக்கத்துச் சரிவுல புதுசா பனி சரிஞ்ச தடம், கால் வைக்கும்போது "தொம்"னு அடியில ஒரு சத்தம், காலடியிலிருந்து ஓடுற விரிசல், திடீர்னு ஏறுற வெப்பம். இதுல ஒண்ணைப் பார்த்தாலும் செங்குத்தான சரிவை விட்டு விலகிடுங்க. அதுக்கு நேர் கீழேயும் நிக்காதீங்க.

அனுபவம் மட்டும் காப்பாத்தாது. 2022 அக்டோபர் 4 அன்னைக்கு உத்தரகாண்ட் திரௌபதி கா டண்டா சிகரத்துல பனிச்சரிவுல சிக்கினது நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தோட குழு. இறந்தவங்க, காணாமப் போனவங்க சேர்த்து 29 பேர்.

புதைஞ்சவரை முதல் கால் மணி நேரத்துக்குள்ள வெளியே எடுத்தா பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அதைத் தாண்டினா அது மளமளன்னு குறையும். கீழே இருந்து உதவி வர்ற வரைக்கும் அந்த நேரம் காத்திருக்காது. கூட இருக்கிறவங்கதான் தோண்டணும். அதனால சிக்னல் கருவி, துழாவுற நீளக் கம்பி, மண்வாரி மூணும் ஒவ்வொருத்தர்கிட்டயும் இருக்கணும்.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி ட்ரெக் நடத்துறவங்ககிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: "பனிச்சரிவு எச்சரிக்கையை தினமும் பார்க்குறீங்களா? நிலைமை சரியில்லன்னா திரும்பிடுவீங்களா?" பதில் மழுப்பலா இருந்தா, அந்தக் காசு உங்க பையிலயே இருக்கட்டும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!