முந்நூற்று நாலும் நம் பிள்ளைகளின் கணக்கும்

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில், சங்கத்தின் ஆசிரியைகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இந்த மேடையில் கடதாசி விளையாட்டைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் சிலர் முகம் சுளிக்கலாம். அதில் நியாயம் உண்டு. ரம்புக்கனையைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களில், சம்பள நாளன்று லயத்துப் பக்கம் காட்ஸ் கூட்டம் கூடினால் அடுப்படியில் என்ன நடக்கும் என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அந்தக் கூட்டத்தில் பெண்பிள்ளைகளுக்கு இடமில்லை. அதனால் விளையாட்டுக்குள் இருந்த கணக்கும் நமக்குக் கிடைக்கவில்லை. பணத்தை வெளியே நிறுத்திவிட்டு, கணக்கை மட்டும் வகுப்பறைக்குள் கொண்டுவரலாம் என்பதே நாம் சொல்ல வந்தது.

இலங்கையில் பலரும் ஆடுவது ஓமியும் முந்நூற்று நாலும். இரண்டிலும் நால்வர் ஆடுவர், எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு கட்சி, கடதாசிகள் 32. முந்நூற்று நாலில் ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் புள்ளியில்லை. ஓர் இனத்துக்கு 76 புள்ளிகள். நான்கு இனத்துக்கும் 304. விளையாட்டின் பெயரே அதன் கூட்டுத்தொகைதான்.

வகுப்பறைக்கு இதை எளிமையாக்கினோம். கேள்வி கேட்பதும் துரும்பும் வேண்டாம். படம் போட்ட கடதாசியும் வேண்டாம். பழைய அட்டைப்பெட்டியை 32 துண்டாக வெட்டி, நான்கு நிறங்களில் 30, 20, 11, 10, 3, 2, 0, 0 என்று எழுதினால் போதும். ஒவ்வொருவருக்கும் எட்டு அட்டை. முதலில் போட்ட நிறத்தையே மற்றவர்களும் போட வேண்டும். இல்லாதவர் வேறு நிறம் போடலாம். முதல் நிறத்தில் பெரிய எண் வெல்லும். இரண்டு பூச்சியங்களில் முந்தி விழுந்தது பெரியது. வென்றவர் நான்கு அட்டைகளின் கூட்டுத்தொகையை உரத்துச் சொல்ல வேண்டும். பக்கத்துப் பிள்ளை சரிபார்த்த பிறகே அட்டையைக் கவிழ்க்கலாம்.

எட்டுச் சுற்றும் முடிந்தால் இரு கட்சிகளின் புள்ளிகளும் சேர்ந்து 304 ஆக வேண்டும். ஒரு கட்சி 157 என்றும் மறு கட்சி 157 என்றும் சொன்னால் கூட்டுத்தொகை 314. எங்கோ ஒரு பத்து கூடிவிட்டது. அதைத் தேடிப் பிடிப்பது பிள்ளைகளின் வேலை. ஆசிரியையின் சிவப்பு மை தேவையில்லை. கரும்பலகைக்கு முன்னால் வாய் திறக்காத பிள்ளையும் தன் கட்சிக்காக வாய் திறப்பாள்.

மேல் வகுப்பில் இரண்டு நிறங்களை மறை எண்களாக வைத்துக் கொள்ளலாம். வெற்றி தோல்விக்கு எண்ணின் அளவை மட்டும் பார்க்க வேண்டும்; புள்ளி கூட்டும்போது குறியையும் பார்க்க வேண்டும். இப்போது மொத்தம் பூச்சியம். ஒரு கட்சிக்கு 18 என்றால் மறு கட்சிக்கு மறை 18. திசைகொண்ட எண்கள் கையில் பிடித்துப் பார்க்கும் பொருளாகிவிடும். அடுத்து நிகழ்தகவு: குறித்த ஓர் அட்டை என் கைக்கு வர வாய்ப்பு 32இல் 8, அதாவது காற்பங்கு.

பெற்றோர் பயப்படுவார்கள். அவர்களுக்கு மறைத்துச் செய்யக்கூடாது. தாய்மாரை அழைத்து ஓர் ஆட்டம் ஆடவைப்பதே சரியான பதில். பந்தயமாகப் புளியங்கொட்டைகூட வைக்கக்கூடாது என்பதை முதல் விதியாகச் சொல்லிவிட வேண்டும்.

ஏன் இவ்வளவு அக்கறை? பால் வெட்டப் போகும் தாயின் நிறை குறைந்தால் அரைப்பேர் விழும். சம்பளத் துண்டில் எதைக் கூட்டினார்கள், எதைக் கழித்தார்கள் என்று பார்த்துச் சொல்ல வீட்டில் ஒரு பிள்ளை வேண்டும். சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் மேலே படிக்கும் கதவுகள் பல அடைபடும். தோட்டத்துப் பெண்பிள்ளைக்குக் கணக்கு என்பது பாடம் மட்டுமல்ல, தன் வீட்டை ஏமாறாமல் காக்கும் காவலும்தான்.

சகோதரிகளே, கடல் கடந்து வாழ்பவர்களும் இதை உங்கள் வீட்டில் ஆடலாம். கூட்டுத்தொகையைத் தமிழில்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்த்தால், பேரப்பிள்ளைகளின் வாயில் தமிழ் எண்கள் நிற்கும். ஊருக்கு வரும்போது அன்பளிப்போடு ஒரு மணி நேரத்தையும் கொண்டுவாருங்கள். நான்கு பிள்ளைகளோடு உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆடுங்கள். அட்டைகளை நாங்கள் வெட்டி வைத்திருப்போம்.