ஒரு கேள்வியின் பின்னே



பள்ளிக்கூடம் முடிந்தால் படிப்பும் முடிந்தது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. அது தவறு என்பதை எனக்கு உணர்த்தியவன் பத்து வயதுப் பையன் ஒருவன். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

அப்போது நான் ரப்பர் தோட்டப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்தேன். ஒருநாள் கணக்குப் பாடத்தின் நடுவே அவன் எழுந்து நின்றான்.

"சார், எங்க அம்மா ஏன் இருட்டோட பால் வெட்டப் போறாங்க? வெயில் வந்தப்புறம் வெட்டினா பால் வராதா?"

எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லவோ வெட்கம். "இதெல்லாம் சோதனைக்கு வராது, உட்கார்!" என்று அதட்டிவிட்டேன். உட்கார்ந்தான். அதன் பிறகு பல வாரங்கள் அவன் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

அந்த மௌனம் என்னை உறுத்தியது. பட்டணத்து நூலகத்திலிருந்து ரப்பரைப் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்து வந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவில் படித்தேன். விடை கிடைத்தது. இரவில் இலைகள் வெளிவிடும் நீர் மிகக் குறைவு. அதனால் விடியற்காலையில் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் நன்றாக விம்மி நிற்கின்றன. உளி பட்டதும் பால் விரைந்து ஓடுகிறது. வெயில் ஏற ஏற இலைகள் நீரை வெளிவிடுகின்றன, குழாய்களில் அழுத்தம் குறைகிறது, பாலும் குறைகிறது.

அத்துடன் புத்தகத்தை மூடியிருக்கலாம். மனம் வரவில்லை. வெட்டு ஏன் இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாக இறங்குகிறது? பால்குழாய்கள் நேராக நிற்பதில்லையாம். சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுகின்றனவாம். அப்படி இறங்கும் வெட்டுத்தான் அதிகக் குழாய்களை அறுக்கிறது. நம் தாய்மார்களின் கைக்குப் பழகிப்போன வித்தைக்குள் இத்தனை தாவர இயல் இருப்பதைக் கண்டு வியந்தேன்.

அடுத்து, பால் ஸ்டோரில் அமிலம் சேர்த்ததும் பால் ஏன் உறைகிறது என்று பார்த்தேன். பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்கள் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை. ஆகவே ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு தனித்தனியே நிற்கின்றன. அமிலம் அந்த விலக்கத்தைப் போக்க, அவை ஒட்டிக்கொள்கின்றன. பசும்பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் திரிந்துபோகிறதே, அதைப் போலத்தான். அதுவரை வேதியியல் என்றாலே ஒதுங்கியிருந்த நான், வேதியியல் புத்தகத்தைத் தேடிப் போனேன்.

பிறகு, இந்த மரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுந்தது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்தவை சிறு பகுதியே. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். பின்னர் தோட்டங்கள் பெருகின. ஆட்கள் தேவைப்பட்டார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள் நம்மவர்கள்.

பையன் கேட்டது தன் தாயைப் பற்றிய ஒரு கேள்வி. அதைப் பின்தொடர்ந்துபோன நான், என் பாட்டனார் இந்த மண்ணுக்கு வந்த கதையில் போய் நின்றேன்!

நேயர்களே, தானாகப் படிப்பதன் சிறப்பு இதுதான். நாம் ஒன்றைத் தேடிப் போகிறோம். வழியில் வேறு ஒன்று நம்மைக் கைகாட்டி அழைக்கிறது. அதில் ஓர் ஆபத்தும் உண்டு. அழைத்த பக்கமெல்லாம் ஓடினால் எடுத்த பாடம் பாதியிலே நின்றுவிடும். அதற்கு எனக்குக் கைகொடுத்தது ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம். இடப்பக்கத்தில் படிக்கும் பாடத்தை எழுதுவேன். இடையே முளைக்கும் கேள்விகளை வலப்பக்கத்தில் குறித்து வைப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வலப்பக்கத்திலிருந்து ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வேன். பாடமும் கெடவில்லை, ஆர்வமும் வாடவில்லை.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை பாடத்தை விட்டு வேறு எதையோ கேட்டால், நான் செய்ததைப் போல அதட்டிவிடாதீர்கள். "எனக்குத் தெரியவில்லை, நீ தேடிப் பார்த்து எனக்கும் சொல்" என்று கூறுங்கள். அப்படிச் சொல்வதில் குறைவு ஒன்றும் இல்லை. இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. அதனால் என்ன? வெட்டிய குலைகளை ஏன் காலம் தாழ்த்தாமல் ஆலைக்கு அனுப்புகிறார்கள்? அங்கிருந்தும் தொடங்கலாம்.

அந்தப் பையனை மறந்துவிடவில்லை. வகுப்பின் முன்னே அவனை அழைத்து, "அன்று எனக்கு விடை தெரியாது, தம்பி, இப்போது தெரியும்" என்று சொல்லி விளக்கினேன். பேசாமல் கேட்டுக்கொண்டான். மறுநாள் காலை மணி அடிக்கும் முன்பே என் மேசையருகே வந்து நின்றான்.

"சார், அப்போ மழை பெஞ்சா ஏன் பால் வெட்டறதில்ல?"

எனக்கு உண்டான மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன்! அதற்கு விடை என்ன என்கிறீர்களா? பால் வெட்டிய கைகள் உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். அவர்களைக் கேளுங்கள். இன்றைய பாடம் அங்கேயே தொடங்கட்டும்.