ரஞ்சன்குடி: கோட்டையும் ஊரும்



திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டி வடக்கே செல்வோர் அனைவரும் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்த்திருப்பார்கள். அந்தக் கோட்டையை ஓர் ஊரின் வரலாறாகப் படிக்க வேண்டும் என்பதே இன்று நான் முன்வைக்கும் கருத்து.

1. சாலை தந்த வாழ்வு

கடற்கரையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் போகும் வழியைக் காவல் காக்கும் இடத்தில் ரஞ்சன்குடி அமைந்திருக்கிறது. அருகிலுள்ள வாலிகண்டபுரம் அதற்கும் மூத்த ஊர். அங்குள்ள வாலீஸ்வரர் கோயில் சோழர் காலத்தது. 17-ஆம் நூற்றாண்டில் அவ்வூர் பீஜப்பூர் சுல்தானின் ஆளுநர் ஷேர்கான் லோடியின் இருப்பிடமாக இருந்தது. 1673-இல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் குடியேற இடம் கொடுத்தவர் அவரே. புதுச்சேரியின் பிரெஞ்சு வரலாற்றுக்கு முதல் அனுமதி நம் வட்டாரத்திலிருந்துதான் போயிருக்கிறது.

கோட்டையைக் கட்டியவர் கர்நாடக நவாபுக்குக் கட்டுப்பட்ட ஒரு ஜாகிர்தார் என்பர். அரைவட்டக் கொத்தளங்கள், அகன்ற அகழி, செதுக்கிய கருங்கற்களால் வெவ்வேறு உயரங்களில் எழுப்பிய மூன்று சுற்று மதில்கள், அரண்மனை, குடியிருப்புகள், நிலவறைகள், தொழுகைக்கு ஒரு பள்ளிவாசல் என எல்லாம் அதற்குள் உண்டு. பேட்டை, கோட்டைமேடு என்று மக்கள் இன்றும் பகுதி பிரித்துச் சொல்கிறார்கள். படை மட்டும் தங்கிய இடத்துக்கு இத்தனை தேவையில்லை. இங்கே குடும்பங்கள் வாழ்ந்தன, வணிகம் நடந்தது, வழிபாடு நடந்தது.

2. 1751

ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் 1748-இலேயே சமாதானம் செய்துகொண்டுவிட்டன. ஆனால் இங்கே கர்நாடக நவாபு பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரரும், முகம்மது அலிக்கு ஆங்கிலேயரும் துணை நின்று மோதினார்கள். இரு படைகளும் 1751-இல் இந்தக் கோட்டையின் முன் வந்து நின்றன. ஆங்கிலேயர் எழுதிய நூல்களில், வாலிகண்டபுரத்தின் பெயரால் ‘வால்கொண்டா போர்’ என்று பதிவானது இதுதான். கோட்டைத் தளபதி இரு தரப்புக்கும் கதவு திறக்கவில்லை. வெல்பவர் யாரென்று பார்த்திருந்தார். பொறுமை இழந்த ஆங்கிலப் படை பேட்டையைக் கொளுத்தியது. ஆனால் கல் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. பிறகு நடந்த மோதலில், ஆங்கிலப் படையை நடத்திய கேப்டன் ஜிஞ்சனின் வீரர்கள் கலைந்து ஓடினர். ஓடியவர்களைத் திருப்ப முயன்ற அதிகாரிகளில் இளைஞர் ராபர்ட் கிளைவும் ஒருவர்.

ஆங்கிலப் படை பின்வாங்கித் திருச்சியில் ஒதுங்கியது. சந்தா சாகிபு திருச்சியை முற்றுகையிட்டார். அந்த முற்றுகையைத் தளர்த்தவே கிளைவ் ஆற்காட்டுக்குப் போனார். பாடநூல்கள் விரிவாகச் சொல்லும் ஆற்காட்டு வெற்றிக்கு முன்னால் ரஞ்சன்குடியில் கண்ட தோல்வி இருக்கிறது.

இந்தப் போரைப் பற்றி எழுதிய ஆங்கில வரலாற்றாளர் ராபர்ட் ஓர்ம் தளபதிகளின் பெயர்களைத் தருகிறார். எரிந்த பேட்டையில் வீடிழந்தவர்கள் யார் என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்.

3. ஊரார் காத்த கோட்டை

ஒரு கோட்டையை ஊராரே காக்க முடியும் என்பதற்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்று. பிரான்சின் தெற்கே கார்கசோன் என்று ஒரு குன்றூர். இரட்டை மதில் சூழ்ந்த அந்த ஊரின் கற்களை மக்களே பெயர்த்துப் போன காலம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மதில்களை இடித்துவிடவே அரசு முனைந்தது. அவ்வூரைச் சேர்ந்த வரலாற்றாளர் குரோ-மேரெவியேய் எதிர்த்துப் போராடினார். 1853-இல் சீரமைப்பு தொடங்கியது. 1997-இல் அந்தக் கோட்டை ஊர் உலகப் பாரம்பரியச் சின்னமானது. முதல் குரல் உள்ளூரிலிருந்து எழுந்ததால்தான் தலைநகரம் திரும்பிப் பார்த்தது.

ரஞ்சன்குடிக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. மதிலைத் துறை காக்கும்; ஊரின் நினைவை ஊரார்தான் காக்க முடியும். மாணவர்களே, கோட்டைமேட்டிலும் வாலிகண்டபுரத்திலும் வாழும் முதியவர்களிடம் தெருப் பெயர், குளப் பெயர், குடும்பத் தொழில், திருவிழா முறை எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். கோயிலையும் பள்ளிவாசலையும் ஒரே வரைபடத்தில் குறியுங்கள். ஓர்மின் நூலுக்குப் பக்கத்தில், அதே ஆண்டுகளில் புதுச்சேரியிலிருந்து தமிழில் எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பையும் வைத்துப் படியுங்கள்.

அவற்றை எல்லாம் ஒரு சிறு நூலாக்கி, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஒவ்வொரு பள்ளி நூலகத்திலும் வைக்க வேண்டும். இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை அதற்குத் துணை நிற்குமானால், என்னை அழைத்ததன் பயன் நிறைவேறியதாகக் கருதுவேன்.