கைதிகள் ஆசான்களான வரலாறு



ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்காவாசிகளுள் மீட்புப் பணம் செலுத்த இயலாதோர், அன்சாரிச் சிறுவர்களுக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெறுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். நேற்று வாளேந்தி வந்தவர் இன்று ஆசான்! கல்விக்கு முன் பகை பெரிதன்று என்பதே இதன் படிப்பினை.

இலங்கையைப் பாருங்கள். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தாருக்குக் கிடைத்த அவகாசம் 2 மணி நேரமே. புத்தளத்து ஓலைக் குடிசைகளில் அவர்தம் பிள்ளைகள் வளர்ந்தனர்.

போர் கண்டு அஞ்சிய குழந்தைக்குப் பாடநூல் மட்டும் போதுமா? அதன் மௌனத்தைப் புரிந்துகொள்ளும் ஆசிரியர் வேண்டும். அவ்வாசிரியரோ தாமும் போரில் இழந்தவர். அவருக்கும் பயிற்சி தேவை. 2009 மே மாதம் போர் ஓயுமுன்பே, சமூக ஒருமைப்பாட்டுக்கும் சமாதானத்திற்குமான கல்விக் கொள்கை 2008இல் அங்கே உருவானது. ஜெர்மனி அரசின் ஒத்துழைப்புடன் ஆசிரியர்களுக்கு உளநல ஆதரவிலும், மற்றவர் மொழியைக் கற்பிப்பதிலும் பயிற்சி அளிக்கப்பட்டது.

சகோதரர்களே! நம் சேலம், நாமக்கல் மாவட்டங்களிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. ‘நம்மவரை விரட்டிய மண்ணிலிருந்து வந்தோர் அல்லவா’ என எவருக்கேனும் மனம் கசக்கலாம். அப்பிள்ளைகள் எவரையும் விரட்டவில்லை. அதே போரில் வீடிழந்தோரின் மக்களே அவர்கள். சங்ககிரியின் படித்த இளைஞர்களே! வாரத்தில் ஒரு மாலையேனும் அவர்களுக்குக் கற்பிக்க முன்வாருங்கள். பத்ரின் கைதிகள் விடுதலைக்காகக் கற்பித்தனர். நாம் அல்லாஹ்வின் திருப்பொருத்தத்திற்காகக் கற்பிப்போம்.

வல்ல ரஹ்மான் அதற்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.