எடை முள் நின்னுருச்சா? தட்டைக் குறைக்கிறதுக்கு முன்னாடி கணக்கைப் பாருங்க

ராசிங்காபுரத்துல இருந்து பேசுறேன். பகல்ல லேப்டாப், சாயங்காலம் போடியில ஜிம், மிச்ச நேரத்துல இந்த பாட்காஸ்ட்.

இன்னைக்கு நிறைய பேர் கேட்ட ஒரு கேள்வி: "முதல் ரெண்டு மாசம் எடை நல்லா குறைஞ்சது. வெயிட் தூக்குறதையும் விடல. இப்போ மூணு வாரமா முள் நகரல. சாப்பாட்டை இன்னும் பாதியாக்கட்டுமா?"

என் பதில், உடனே வேண்டாம். எடை நிக்கிறது வேற, கொழுப்பு குறையறது நிக்கிறது வேற. ரெண்டையும் பிரிச்சுப் பார்த்துட்டுதான் எதையும் மாத்தணும்.

முதல்ல: நின்னது எது?

வெயிட் தூக்க ஆரம்பிச்சா தசையில கிளைக்கோஜன்னு ஒரு சர்க்கரை சேமிப்பு கூடும். ஒரு கிராம் கிளைக்கோஜனோட சுமார் மூணு கிராம் தண்ணியும் சேர்ந்து தங்கும். புதுசா ஒரு பயிற்சி செஞ்சு உடம்பு வலிச்சா, அந்தத் தசையிலயும் தண்ணி நிக்கும். முந்தின நாள் ராத்திரி கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருந்தா உப்பு தண்ணியைப் பிடிச்சு வைக்கும். உள்ள அரைக் கிலோ கொழுப்பு கரைஞ்சிருந்தாலும், மேல ஒரு கிலோ தண்ணி நின்னா மெஷின் என்ன காட்டும்? எடை கூடிருச்சுன்னுதான்.

அதனால ஒரு நாள் எடையை நம்பாதீங்க. தினமும் காலையில, பாத்ரூம் போயிட்டு வந்து, எதுவும் சாப்பிடாம எடை பாருங்க. ஏழு நாளைக் கூட்டி ஏழால வகுத்து, போன வார சராசரியோட ஒப்பிடுங்க. பெண்கள் மாதவிடாய் சுழற்சியில அதே வாரத்தைப் போன மாசத்தோட ஒப்பிட்டாதான் சரியா தெரியும். கூடவே வாரம் ஒரு தடவை இடுப்பளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல, மூச்சை விட்டதுக்கு அப்புறம் டேப்பை வைங்க. மூணாவதா, ஜிம்ல எவ்வளவு தூக்குறீங்கன்னு ஒரு நோட்டு.

எனக்கு 81 கிலோவுல நாலு வாரம் அப்படியே நின்னுச்சு. அதே நாலு வாரத்துல இடுப்பு 92 சென்டிமீட்டர்ல இருந்து 90-க்கு வந்துச்சு. டெட்லிஃப்ட்ல 80 கிலோவை அஞ்சு தடவை தூக்கினது எட்டு தடவை ஆச்சு. எடைதான் நின்னுச்சு, கொழுப்பு நிக்கல. இந்த மாதிரி இருந்தா எதையும் மாத்தாதீங்க, அப்படியே போங்க.

எடை சராசரி, இடுப்பு ரெண்டுமே நாலு வாரம் நகரலைன்னா, அது நிஜமாவே நின்னுருச்சு. இனிமே பேசப்போறது அதுக்கு.

நின்னது ஏன்?

"மெட்டபாலிசம் படுத்துருச்சு"ன்னு எல்லாரும் சொல்வாங்க. அதுல கொஞ்சம் உண்மை இருக்கு. எடை குறைஞ்ச உடம்புக்குச் செலவும் குறைச்சல்தான். ஆனா எவ்வளவு?

அமெரிக்காவுல தேசிய சுகாதார நிறுவனத்துல கெவின் ஹால்னு ஒரு விஞ்ஞானி இருந்தார். சர்க்கரையைச் சிறுநீர் வழியா வெளியேத்துற ஒரு மருந்தைச் சாப்பிட்டவங்களை வெச்சு 2016-ல அவரும் கூட இருந்தவங்களும் ஒரு கணக்குப் போட்டாங்க. கலோரி வெளிய போறது அந்த ஆட்களுக்கே தெரியாது, அதனால பசி எப்படி மாறுதுன்னு சுத்தமா பார்க்க முடிஞ்சது. ஒரு கிலோ குறைஞ்சா உடம்போட செலவு ஒரு நாளைக்கு 20-30 கலோரி குறையுது. பசியோ ஒரு நாளைக்கு 100 கலோரி அளவுக்கு ஏறுது. அதாவது எட்டு கிலோ குறைச்சவருக்கு செலவு குறைஞ்சது 200 கலோரி பக்கம்னா, பசி அவரைத் தள்றது 800 கலோரி பக்கம். நம்மளோட பெரிய சண்டை பசியோடதான்.

பசி ஏறினா கை தானா கொஞ்சம் கூட அள்ளும். நமக்கே தெரியாது. 1992-ல நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல வந்த ஆய்வு ஒண்ணு இருக்கு. "1200 கலோரிக்குக் கீழதான் சாப்பிடுறேன், ஆனாலும் எடை குறையல"ன்னு சொன்னவங்களை அளந்து பார்த்தாங்க. மெட்டபாலிசம் சரியாத்தான் இருந்துச்சு. சாப்பாட்டைச் சராசரியா 47 சதவீதம் குறைச்சுச் சொல்லியிருந்தாங்க. அவங்க பொய் சொல்லல. மனசுல வெச்சிருக்கிற கணக்கு அப்படித்தான் இருக்கும்.

அடுத்து நடமாட்டம். எங்க ஊர்ல அம்மா வயசுக்காரங்க விடியறதுக்கு முன்னாடி ஜீப்ல ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலக்காட்டுக்குக் காய் எடுக்கப் போவாங்க. ஏலக்காய் செடியோட அடியில, தரையை ஒட்டி காய்க்கும். நாள் முழுக்கச் சரிவுல குனிஞ்சு நிமிர்ந்து வேலை. அந்த உழைப்புக்கு அளவெடுத்த தட்டு சோறு அது. இன்னைக்கும் வீட்ல அதே தட்டு, அதே அளவு. உக்கார்ந்திருக்கிறது மட்டும் நாற்காலியில. ஜிம்ல ஒரு மணி நேரம் தூக்குறது அந்த எட்டு மணி நேரத்துக்கு ஈடாகாது. இன்னொண்ணு, டயட்ல இருக்கிறப்போ உடம்பு சோர்ந்து, நம்மளை அறியாம நடக்கிறதும் எந்திரிக்கிறதும் குறையும். இந்தச் சின்னச் சின்ன அசைவுக்கு ஆங்கிலத்துல சுருக்கமா 'நீட்'னு பேர். பரீட்சை இல்ல, பயப்படாதீங்க.

ஏலக்காய் கடை அண்ணன்

என்கூட ஜிம்முக்கு வர்ற ஒரு அண்ணன், போடியில ஏலக்காய் வியாபாரம். நாலு மாசத்துல ஏழு கிலோ குறைச்சு, அப்படியே நின்னுட்டார். இடுப்பு 97. மூணு மாச சர்க்கரை அளவு 6.1, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தின நிலை. அவங்க அப்பாவுக்கும் சுகர். அதனால இது அவருக்கு சிக்ஸ் பேக் விஷயம் இல்ல. ராத்திரி சாப்பாட்டை முழுசா விட்டுட்டு, யாரோ சொன்ன 'ஃபேட் பர்னர்' மாத்திரை வாங்கப்போறேன்னு நின்னார்.

"அண்ணே, ஒரு வாரம் எதையும் மாத்தாதீங்க, வாயில போறதை மட்டும் எழுதுங்க"ன்னேன். மூணு வேளைச் சாப்பாடு சரியாத்தான் இருந்துச்சு. கடைக்கு ஆள் வந்தா டீ. ஒரு நாளைக்கு அஞ்சு கிளாஸ். பால், ரெண்டு ஸ்பூன் சீனின்னு ஒரு கிளாஸ் சுமார் 80 கலோரி. டீயில மட்டும் 400. வீட்ல தாளிக்கிற எண்ணெய் கணக்குலயே இல்ல. எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி. ஃபோன்ல நடை எண்ணிக்கை 3000-த்தைத் தாண்டல.

மாத்துறது எப்படி?

புரொடக்ஷன்ல பிரச்சினைன்னா அஞ்சு ஃபைலை ஒரே நேரத்துல மாத்துவோமா? மாத்தினா எது சரி பண்ணுச்சுன்னே தெரியாது. இங்கயும் ஒண்ணு மாத்துங்க, ரெண்டு மூணு வாரம் பாருங்க, அப்புறம் அடுத்தது.

முதல்ல கணக்குல வராததைப் பிடிங்க: டீ, எண்ணெய், தேங்காய்ச் சட்னி, ஞாயித்துக்கிழமை. அண்ணன் டீயை விடல. ரெண்டு கிளாஸ் சீனியோட, மிச்சம் கட்டஞ்சாயா.

ரெண்டாவது நடை. இப்போ இருக்கிறதோட தினமும் 2000 அடி கூட்டுங்க. ஆன்லைன் மீட்டிங்கை நடந்துக்கிட்டே கேக்கலாம்.

மூணாவது புரோட்டீன். இலக்கு எடைக்கு, கிலோவுக்கு 1.6 கிராம். 75 கிலோன்னா 120 கிராம். மூணு முட்டை 18, சோயா 50 கிராம்ல 26, கோழிக்கறி 150 கிராம்ல 33, பாலும் தயிரும் 400 மில்லியில 13, பருப்பு 50 கிராம்ல 11. மிச்சம் இட்லி, சோத்துலயே வந்துரும். புரோட்டீன் பசியையும் அடக்கும்.

இவ்வளவுக்கும் அசையலைன்னா மட்டும் சோத்துல 150-200 கலோரி குறைங்க, அதாவது ஒரு கரண்டி, ஒண்ணரைக் கரண்டி.

தூக்குற எடையை மட்டும் குறைக்காதீங்க. "கொழுப்புக் கரைய லைட் வெயிட், நிறைய ரெப்ஸ்"ங்கிற பேச்சை விடுங்க. தசையை வெச்சிருக்க உடம்புக்கு ஒரு காரணம் வேணும். கனம்தான் அந்தக் காரணம். 2016-ல கனடாவுல மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துல 40 இளைஞர்களை நாலு வாரம் கடுமையான டயட்லயும் பயிற்சியிலயும் வெச்சாங்க. கிலோவுக்கு 2.4 கிராம் புரோட்டீன் எடுத்தவங்களுக்கு 4.8 கிலோ கொழுப்பு போய், தசையும் மத்த கொழுப்பில்லாத எடையும் 1.2 கிலோ கூடுச்சு. பாதி அளவு எடுத்தவங்களுக்குக் கொழுப்பு 3.5 கிலோ போச்சு, தசை பெருசா மாறல.

மூணு நாலு மாசமா தொடர்ந்து டயட்ல இருந்து தூக்கமும் பலமும் குறையுதுன்னா, ரெண்டு வாரம் எடையைத் தக்கவைக்கிற அளவுக்குச் சாப்பிடுங்க. அதுவும் திட்டத்துல ஒரு பகுதிதான்.

பட்டினி ஏன் வேண்டாம்?

நம்ம ஆட்களுக்குத் தசை கம்மி, வயித்துக் கொழுப்பு ஜாஸ்தி. சாப்பிடுற சர்க்கரையில பெரும்பங்கை இழுத்துக்கிறது தசைதான். பட்டினி கிடந்து தசையைக் கரைச்சா மெஷின்ல நம்பர் இறங்கும், சர்க்கரைக்கு வழி திறக்கும். 2023-ல வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வுப்படி நம்ம நாட்டுல 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். ஆம்பளைக்கு இடுப்பு 90, பொம்பளைக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினா கவனிக்கணும். எடையை விட அந்த நம்பரைத் துரத்துங்க.

ஒரு எச்சரிக்கை: சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க, கிட்னி பிரச்சினை உள்ளவங்க, டாக்டரைக் கேக்காம சாப்பாட்டையும் புரோட்டீனையும் மாத்தாதீங்க.

அண்ணன் ரெண்டு மாசத்துல மூணு கிலோ இறங்கினார். இடுப்பு 93. இன்னும் மூணு சென்டிமீட்டர் பாக்கி. மாத்திரை வாங்கல, ராத்திரி சாப்பிடுறார், ஸ்குவாட்ல 10 கிலோ ஏத்தியிருக்கார்.

நீங்க நாளைக்குக் காலையில இருந்து ஏழு நாள் எடையை மட்டும் எழுதுங்க. அடுத்த எபிசோடுல வீட்டுச் சமையல் எண்ணெயைச் சண்டை போடாம அளக்கிறது எப்படின்னு பேசுவோம்.