கலையும் உழைப்புத்தான்

(மாதர் கலைக் கண்காட்சியில் ஆற்றிய உரை)



பெண்களின் ஓவியமும் பாட்டும் நிறைந்த இந்தக் கண்காட்சியில் மிதிலைச் சித்திரங்களைக் கண்டோம். பீகாரின் மதுபனிப் பகுதியில் மணமக்களின் அறைச் சுவரில் தாமரையும் மீனும் மூங்கிலும் வரைந்தவர்கள் பெண்கள். கல்யாணப் பாட்டும் அவர்களுடையதே. தலைமுறை தலைமுறையாகச் செய்த இந்த வேலைக்குக் கூலி உண்டா? பெயர் உண்டா? இரண்டும் இல்லை.

1966-67ல் பீகாரில் கொடிய வறட்சி. அப்போதுதான் அகில இந்தியக் கைவினை வாரியம் காகிதம் கொடுத்து வரையச் சொன்னது. படம் விலைபோயிற்று, அடுப்பு எரிந்தது. 1975ல் ஜகதம்பா தேவிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆயினும் அது மேல்சாதி வீட்டுக் கலையாகவே பெரிதும் பேசப்பட்டது. மீனவர் குடும்பத்தில் பிறந்த துலாரி தேவி, ஓவியர் வீட்டில் வேலைக்காரியாகப் போன இடத்தில் தூரிகை பிடிக்கக் கற்றார். 2021ல் அவருக்கும் பத்மஸ்ரீ!

ஆகவே தோழர்களே, பெண்மையைப் போற்றி மாலை போட்டால் மட்டும் போதாது. படத்தின் கீழே வரைந்தவள் பெயர் இருக்கவேண்டும். விலையின் பெரும்பங்கு தரகனுக்கல்ல, அவளுக்கே சேரவேண்டும். பாடுகிறவளுக்கும் இதுவே நியாயம். இந்த நியாயத்தை நாம் உரக்கக் கேட்போம்!